மணிமேகலை கண்ட மணற்குன்று

நயினாதீவில் மலை இல்லை. நான்கு சதுர கிலோமீற்றர் அளவுத் தட்டைத் தரை, பனை, சுற்றிலும் கடல். இந்தத் தீவுதான் மணிபல்லவம் என்று எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலா தெய்வம் மணிமேகலையைப் புகாரிலிருந்து முப்பது யோசனை தெற்கே கொண்டுவந்து விடுகிறது. வரைபடத்தில் பூம்புகாரிலிருந்து நேர்தெற்கே கோடு இழுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 170 கிலோமீற்றரில் அது நயினாதீவுப் பக்கமாகவே வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தக் காப்பியத்தின் 'பாத்திரம் பெற்ற காதை' வேறொரு கேள்வியை எழுப்பியது. அங்கே மணிமேகலை வெண்மணற்குன்றும் சோலையும் பொய்கையும் பார்த்தபடி ஒரு காவதம் தனியே அலைந்த பிறகே அத்தீவின் காவல் தெய்வமான தீவதிலகையைக் காண்கிறாள். தீவதிலகையோ, அயலிலுள்ள இரத்தினத் தீவின் சமந்த மலையுச்சியில் புத்தரின் அடியிணை இருப்பதைச் சொல்கிறாள். அந்தச் சமந்தம் 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலையே என்பது அறிஞர் துணிபு. உச்சி தெரிந்துவிட்டது. மணற்குன்று எங்கே?

நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, தெருவை விட்டு விலகிக் கரையோரமாக நடந்தேன். மணலும் முருகைக்கல்லும் உண்டு. குன்று என்று சொல்லத்தக்க மேடு கண்ணில் படவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மணல் குன்றாகக் குவிந்து கிடக்கும் இடம் வடமராட்சியின் மணற்காடு. அங்கே போனேன்.

சவுக்கந்தோப்புக்கு அப்பால் வழி என்று எதுவும் இல்லை. ஓரடி ஏறினால் அரையடி சறுக்கியது. இராவணன் மீசைப் புல்லின் முள் காலைக் குத்தியது. அடம்பன் கொடி படர்ந்த இடத்தில் மட்டும் மணல் இறுகிக் காலைத் தாங்கியது. கொடி பட்டுப்போன இடத்தில் காற்று மேட்டை அரித்திருந்தது. கீழே பழைய அந்தோனியார் கோயில் பாதி மணலுக்குள் புதைந்து நின்றது. உச்சியில் ஏறி நின்றபோது வெயிலும் வெண்மணலும் கடலும் தவிர வேறொன்றும் இல்லை. காப்பியம் காட்டும் நிலம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

பக்கத்து வல்லிபுரத்தில் 1936இல் ஒரு பொன்னேடு கிடைத்தது. பிராமி எழுத்தில், ஏறத்தாழ கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாகதீவை இசிகிராயன் என்ற அமைச்சன் ஆண்ட காலத்தில் ஒரு விகாரை கட்டப்பட்டதை அது சொல்கிறது. வல்லிபுரம் நாகதீவுக்குள் இருந்ததென்றால், அன்றைய நாகதீவு குடாநாட்டையும் உள்ளடக்கிய பெரும்பரப்பு. மணியாசனத்துக்காக இரண்டு நாக அரசர்கள் போரிட்டதையும், புத்தர் வந்து விலக்கியதையும் மகாவம்சம் நாகதீவில் வைக்கிறது. மணிமேகலைக் காப்பியம் மணிபல்லவத்தில் வைக்கிறது. இரண்டும் ஒரே மரபின் கிளைகள் என்றால், மணிபல்லவமும் அந்தப் பெரும்பரப்பையே குறித்திருக்கலாம்.

நயினாதீவின் பெருமை இதனால் குறையாது. ஆனால் மணிபல்லவத்தை அந்த ஒரு தீவுக்குள் மட்டும் தேடுவது போதாது என்பதே என் முடிவு. வடமராட்சிக் கரையில் மணல் அள்ளப்பட்டுக்கொண்டே இருக்கிறது. முறையான அகழாய்வு நடக்கும்வரையாவது அந்தக் குன்றுகளை விட்டுவையுங்கள். அள்ளிய மணலோடு போகும் சான்று திரும்பி வராது.