அம்மா தேர்ந்தெடுத்த பல்

பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். என் அம்மாவுக்குச் சொல்லோடு சேர்ந்து பந்தியும் போனது.

அம்மாவுக்கு 71 வயது. திருச்சியில் என்னோடு இருக்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் மேலும் கீழும் முழு பல்செட் போட்டோம். மேல் செட்டால் தொந்தரவு இல்லை. அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ் செட்டுக்கு அப்படிப் பிடிமானம் கிடையாது. நாக்கு அசைந்தால் அதுவும் அசையும். கல்யாண வீடுகளில், "நான் அப்புறமா சாப்பிட்டுக்கிறேன்" என்று அம்மா நழுவ ஆரம்பித்தார். முறுக்கு, வேர்க்கடலை, முருங்கைக்காய் எல்லாம் தட்டில் இருந்து காணாமல் போயின. கடைசியில் மிஞ்சியது குழைந்த தயிர்சாதம்தான்.

பல் டாக்டர் எக்ஸ்-ரே பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். பல் இருக்கும்வரைதான் தாடை எலும்புக்கு வேலை. பல் போனபின் எலும்பு வருடா வருடம் கரைந்துகொண்டே போகும். நான்கு வருடத்துக்கு முன் அளவெடுத்துச் செய்த செட், இன்றைய ஈறுக்குப் பொருந்தாது. "கீழ் தாடைக்கு இம்ப்ளான்ட் வைக்கலாம்" என்றார்.

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத்தில் செய்த சின்ன திருகு. அதைத் தாடை எலும்புக்குள் பதித்தால் எலும்பு அதோடு ஒட்டி வளரும். சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க் என்ற மருத்துவர் கண்டறிந்த விஷயம் இது. 1965-ல் அவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இப்படிப் பல் பொருத்தினார். அந்த மனிதர் சுமார் 40 வருடங்கள், தன் ஆயுள் முடியும்வரை அதே இம்ப்ளான்ட்டோடு வாழ்ந்தார்.

இதற்குப் பிறகுதான் கேள்வியே வந்தது. இம்ப்ளான்ட் மேல் உட்காரும் பல் வரிசை ஃபிக்ஸடாக இருக்க வேண்டுமா, கழற்றி மாட்டுவதாக இருக்க வேண்டுமா?

ஃபிக்ஸட் என்றால் கீழ் தாடைக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு இம்ப்ளான்ட். அதன்மேல் பல் வரிசையைத் திருகி விடுவார்கள். டாக்டரால் மட்டுமே கழற்ற முடியும். சொந்தப் பல் போலவே இருக்கும். கடிக்கும் பலமும் அதிகம். ஆனால் செலவும் அதிகம். பல் வரிசைக்கு அடியில் தினமும் தனி நூல் விட்டோ, சின்ன பிரஷ்ஷாலோ, தண்ணீர் பீய்ச்சும் கருவியாலோ சுத்தம் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் இம்ப்ளான்ட்டைச் சுற்றிப் புண்ணாகி எலும்பு அரிக்கும்.

கழற்றி மாட்டுவதற்குக் கீழ் தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் போதும். இம்ப்ளான்ட் மேல் நிற்கும் குமிழில் செட்டின் உள்பக்கம் இருக்கும் குழி 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். 30 வருடம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தவர் அம்மா. பார்த்த உடனே, "அட, பிரஸ் பட்டன்!" என்றார். ராத்திரி கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேயத் தேய மாற்ற வேண்டும். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ் தாடைக்குச் சாதாரண பல்செட்டைவிட இந்த இரண்டு இம்ப்ளான்ட் முறையையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தார்கள்.

எனக்கு ஃபிக்ஸட்தான் வேண்டும் என்று இருந்தது. பணத்தை நானும் தம்பியும் பகிர்ந்துகொள்வதாகப் பேசியும் வைத்திருந்தோம். 71 வயதில் அம்மா ராத்திரி பல்லைக் கழற்றி டம்ளரில் போடுவதை நினைத்தாலே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அம்மா டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் படுத்த படுக்கையாயிட்டா, இதை யாரு சுத்தம் பண்றது?"

ஏன் அந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். அவர் வாயில் கழற்ற முடியாதபடி கட்டிய பல் இருந்தது. விரலில் துணி சுற்றி அதைத் துடைத்தது அம்மாதான். அப்பாயி பல்லை இறுகக் கடித்துக்கொள்வார். அம்மாவின் விரலில் காயம் ஆறாத நாள்கள் உண்டு. நாற்றம் தாங்காமல் உறவுக்காரர்கள் வாசலோடு நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்: "ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியல. இதுல பல்லுக்கு அடியில தினம் நூல் விடணுமாம். இன்னிக்கு நானே பண்ணிடுவேன்டி. நாளைக்கு நீதானே பண்ணணும்? கழட்டிக் கழுவி மாட்டுற மாதிரியே இருக்கட்டும். உன் விரலை நான் கடிக்க வேணாம்."

அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

டாக்டர் மாதிரி செட் ஒன்றைக் கொடுத்துக் கழற்றச் சொன்னார். கட்டைவிரலால் நெம்பி அம்மா எடுத்துவிட்டார். விரல் மூட்டுகளில் வாதம் உள்ளவர்களுக்கு இதுவே கஷ்டமாகலாமாம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருக்கிறாரா என்றெல்லாம் கேட்டுக்கொண்ட பிறகுதான் தேதி கொடுத்தார். இம்ப்ளான்ட் வைத்து மூன்று மாதம் காத்திருந்தோம். பிறகு செட் மாட்டினார்கள்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. வளையம் ஒருமுறை மாற்றினோம். கரும்பைக் கடிப்பதில்லை, முறுக்கைக் கடிக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்குக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, மூடி போட்ட டப்பாவில் வைக்கிறார். வெந்நீர் கூடாது, செட் வளைந்துவிடும். ஈறில் நிற்கும் இரண்டு குமிழ்களையும் தனியாகத் தேய்க்கிறார். கழற்றியபின் பேரனிடம் பேச இன்னும் கூச்சம்தான். போனில் வீடியோவை அணைத்துவிடுகிறார்.

50 வயதில், கண்ணும் கையும் நன்றாக இருக்கிற ஒருவருக்கு ஃபிக்ஸட் பொருத்தமாக இருக்கலாம். எனக்கே நாளை தேவைப்பட்டால் முதலில் அதைத்தான் விசாரிப்பேன். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் எத்தனை இம்ப்ளான்ட், எவ்வளவு பணம் என்பதோடு இன்னும் மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். தினமும் எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும்? எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? பின்னாளில் தானே செய்துகொள்ள முடியாமல் போனால் என்ன வழி? கேட்கும்போது, பல் கட்டிக்கொள்ளப் போகிறவரும் பக்கத்தில் இருக்கட்டும்.