குழாய்க்கு உறுப்பு தேடிய பயணம்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு இரயிலில் வரும் அன்பர்கள், எட்டிமடையைக் கடந்ததும் ஊர்கள் மறைந்து காடு தொடங்குவதைக் கண்டிருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை இருபுறமும் விலகி நின்று வழி விட, அவ்விடைவெளியில் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் செல்கின்றன. அக்காட்டு வழியில் வருவதே வாளையார். கேரள எல்லைக்குள் நுழைந்ததும் வரும் முதல் இரயில் நிலையம் அதுவே.

1956 நவம்பர் 1 வரை எல்லையின் இரு பக்கமும் சென்னை மாநிலமாகவே இருந்தன. அன்று மலபார் கேரளத்தோடு சேர, வாளையார் எல்லையூர் ஆயிற்று. இங்குள்ள வணிகவரிச் சாவடியில் லாரிகள் நெடுந்தொலைவு வரிசையாக நின்ற காட்சியை நம்மவர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அந்த வரிசையும் மறைந்தது.

இவ்வூரில் இரயில்வே எழுத்தராக வேலை பார்க்கும் நான், தாயார், மனைவி, இரு மக்கள் ஆகியோருடன் ஒரு சிறு வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். கிழக்கே கோயம்புத்தூர், மேற்கே பாலக்காடு. இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவு. ஊரைப் பற்றி எழுதுவோர் மலையையும் அணையையும் வருணிப்பது வழக்கம். நானோ எங்கள் சமையலறைக் குழாயைப் பற்றி எழுதப் போகிறேன். அதன் பொருட்டு இரு மாநிலக் கடைவீதிகளிலும் அலைந்து நான் கற்றது நம் குடும்பங்கட்குப் பயன்படும் என்பதே காரணம்.

என் தாயாருக்கு வாதத்தினால் விரல்கள் மடங்குவதில்லை. பழைய திருகு குழாயை அவரால் இறுக மூட முடியாமற் போகவே, இரண்டு ஆண்டுகட்கு முன் அதனை எடுத்துவிட்டு, கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் திறக்கவும் மூடவும் கூடிய புதுக் குழாயைப் பொருத்தினேன். தாயார் மிக மகிழ்ந்தார். சென்ற மாசி மாதத்தில் அக்குழாய் சொட்டத் தொடங்கிற்று. 200 மில்லி பிடிக்கும் டம்ளரை அடியில் வைத்துப் பார்த்தேன். 12 நிமிடத்தில் நிறைந்தது. கணக்கிட்டால் நாளொன்றுக்கு 24 லிட்டர். ஏறத்தாழ இரண்டு குடம். கோடையில் கிணறு வற்றும் ஊரில் இது சிறிய இழப்பன்று.

ஆயினும் நான் நாளை நாளை என்று கடத்தினேன். ஒரு நாள் விடியற்காலையில், தரையில் தேங்கிய நீரில் தாயார் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. எனக்கு வருத்தம் தந்தது அதன்பின் நடந்ததே. "நான் அழுத்தித் திருப்பியே கெடுத்துவிட்டேன்" என்று சொல்லி, அவர் குழாயைத் தொடுவதையே விட்டுவிட்டார். ஒரு வாய் தண்ணீருக்கும் மருமகளைக் கூப்பிட்டுக் காத்திருப்பார். அறுபது ஆண்டு சமையலறையில் நின்ற கை, வாயிலோடு நின்றுவிட்டது.

அன்று மாலையே வால்வை அடைத்துக் குழாயைக் கழற்றினேன். பழைய திருகு குழாயினுள் இருப்பது எளிய பொருள்: திருகும் தண்டு, அதன் நுனியில் ஒரு வாசர். தண்டு இறங்கி வாசரை அழுத்தும்போது நீர் நிற்கும். வாசர் தேய்ந்தால் மாற்றிவிடலாம். புதுக் குழாயினுள் வாசர் இல்லை. நம் கடைக்காரர்கள் ஸ்பிண்டில் என்று சொல்லும் பித்தளை உறுப்பு ஒன்று முழுதாக வெளியே வருகிறது. அதனுள் வழவழப்பான இரு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்துள்ளன. அவற்றின் துளைகள் ஒத்து நின்றால் நீர் வரும், விலகினால் நிற்கும். இடையில் ஒரு மணல் துணுக்கு புகுந்து கீறினாலும் போதும், கசிவு தொடங்கிவிடும். எங்கள் ஸ்பிண்டிலில் வட்டு கீறியிருந்தது. தாயாரின் கைமேல் குற்றமில்லை. அதனை அவரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

மறுநாள் வாளையாரிலேயே ஒரு கடையில் கேட்டேன். "சாரே, முழுக் குழாயையும் மாற்றிவிடுங்கள், 850 ரூபாய்தான்" என்றார் கடைக்காரர். மாதக் கடைசியில் அது எனக்குப் பெரிய தொகை. கெட்டது உள்ளுறுப்பு மட்டுமாயிருக்க, நல்ல பித்தளையை எறிவதற்கும் மனம் இசையவில்லை. கஞ்சிக்கோட்டுக்குச் சென்றேன். "என்ன அளவு?" என்றார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்து, "21 மில்லிமீட்டர்" என்றேன். அப்படி ஓர் அளவே இல்லை என்று சிரித்தார்கள். உண்மையில் அதுதான் அரை அங்குலம்!

இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அரை அங்குல மரை என்று கடையில் சொல்வதன் வெளி விட்டமோ 20.955 மில்லிமீட்டர். அக்காலத்தில் இரும்புக் குழாயின் உள்துளையைக் கொண்டு பெயரிட்டார்கள். பெயர் துளைக்குரியது, மரை குழாயின் வெளிப்புறத்தில் வெட்டப்படுவது. ஆகவே அரை அங்குல மரையில் எங்கு அளந்தாலும் அரை அங்குலம் கிடைக்காது. அளந்து சொல்லி வாங்க நினைப்பவர் ஏமாறுவது இதனால்தான்.

மரைகள் எங்கும் ஒன்றாக இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டிற்று. 1841இல் ஜோசப் விட்வர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர், 55 பாகைக் கோணத்தில் அமைந்த ஒரே முறையை எல்லாரும் கைக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிந்தார். அதன் வழி வந்த குழாய் மரையே இன்றும் நம் நாட்டில் வழங்குகிறது. அரை அங்குலத்துக்கு, ஓர் அங்குல நீளத்தில் 14 மரை. அமெரிக்காவில் 60 பாகை. ஆதலின் அங்குள்ள உறவினர் அன்போடு அனுப்பும் குழாய் நம் சுவரில் சரியாக அமராது.

இரயில்வேக்காரனுக்கு இதன் அருமை நன்கு விளங்கும். அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். மீட்டர் பாதை 1000 மில்லிமீட்டர். இரண்டும் சந்திக்குமிடத்தில் சரக்கை இறக்கி மறுபடி ஏற்றியே தீரவேண்டும். பாலக்காடு - பொள்ளாச்சிப் பாதையும் முன்பு மீட்டர் பாதையாக இருந்து, 2015இல் அகலப் பாதையாயிற்று. அளவு ஒன்றானால் எல்லை தடையாவதில்லை.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டு வலியங்காடிக்குச் சென்றேன். அங்கு மலையாளத்தில் பிரி என்றாலும் தமிழில் மரை என்றாலும் கடைக்காரருக்கு ஒன்றே. அரை அங்குல ஸ்பிண்டில் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கி, வெற்றியோடு வீடு திரும்பினேன். மரை அழகாக ஏறிற்று. கைப்பிடியை மேலே வைத்தேன், அமரவில்லை. விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொள்ள ஸ்பிண்டிலின் தலையில் சிறு பற்கள் வெட்டியிருக்கிறார்கள். பழையதில் 24 பல், புதியதில் 20. வெளி மரையை ஒன்றாக்கிய உலகம், உள்ளே இருக்கும் பல்லை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

தாயார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "விடப்பா, பழைய திருகு குழாயையே போட்டுவிடு. நான்தான் தொடப்போவதில்லையே" என்றார். அச்சொல்லைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அடுத்த விடுமுறையில் ஸ்பிண்டில், கைப்பிடி, குழாய் உடம்பு மூன்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கினேன். டவுன்ஹால் பக்கத்துத் தெருக்களில் மூன்று கடைகளில் இல்லை என்றார்கள். நான்காவது கடையில் முதியவர் ஒருவர் பையிலிருந்ததை மேசைமேல் பரப்பச் சொன்னார். "பல்லை எண்ணிப் பார்த்தீங்களா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. பின்னர் மரையின் மேல் விளிம்பிலிருந்து தலை வரை உயரம் அளந்தார். எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கிறது என்று பார்த்தார். வெந்நீர், தண்ணீர் என இரட்டைக் கைப்பிடி வைத்த குழாய்களில் ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் திறக்குமாம். மாற்றி வாங்கிவிட்டால் கைப்பிடி தலைகீழாக நிற்கும். தகரப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, பத்துப் பன்னிரண்டு உருப்படிகளை ஒதுக்கி, சரியான ஒன்றை எடுத்துக் கைப்பிடியை அதில் மாட்டிக் காட்டினார். விலை 180 ரூபாய். இத்தகைய பித்தளை உறுப்புகளுக்குக் குஜராத்தின் ஜாம்நகர் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து வரும் சரக்கை எடுத்துக் காட்டி, "அளவு சரியாக இருந்தால் எந்த ஊர்ச் சரக்கும் நம்ம ஊர்ச் சரக்குதானுங்க" என்றார். இரண்டாக வாங்கிக்கொண்டேன்.

பொருத்துமுன் குழாயின் உள்வாயைப் பார்த்தேன். வெள்ளைப் படிவு தடித்திருந்தது. இப்பகுதி மலைகளில் சுண்ணாம்புக்கல் உண்டு. அதனால்தான் மதுக்கரையில் 1934இலும் வாளையாரில் 1984இலும் சிமெண்டு ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அச்சுண்ணாம்பு நிலத்தடி நீரிலும் கரைந்து வந்து குழாயில் படிகிறது. வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால், புளிப்பு அதனைக் கரைத்துவிடும். குழாய் வாயிலுள்ள சல்லடையையும் அவ்வாறே கழுவினேன். வால்வைச் சிறிது திறந்து, குழாயிலிருந்த மணலை வெளியேற்றியபின் ஸ்பிண்டிலை ஏற்றினேன். அளவுக்கு மீறி இறுக்கலாகாது. பித்தளை மரை அழிந்துவிடும்.

2020ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் முடக்கப்பட்டது. சரக்கு வண்டிகள் ஓடின. பயணிகள் வண்டிகள் நின்றன. வாளையார் எல்லையில் அனுமதிச் சீட்டின்றி வந்தவர்கள் தவித்ததைக் கண்ணால் கண்டோம். அந்நாளில் எங்கள் பழைய திருகு குழாயின் வாசர் தேய்ந்தது. கோயம்புத்தூர் எட்டாத ஊராயிருந்ததால், பழைய சைக்கிள் டியூபை வட்டமாக நறுக்கிப் போட்டேன். இரண்டு மாதம் தாங்கிற்று. புதுக் குழாயில் அந்தக் கைவேலை செல்லாது. வசதி கூடியிருக்கிறது, கடையை நம்பியிருத்தலும் கூடியிருக்கிறது.

ஆகவே, நகரங்கட்கு எட்டி வாழும் நம் குடும்பங்கட்கு, சிறப்பாக மூணாறு, வண்டிப்பெரியாறு போன்ற மலைப்பகுதி அன்பர்கட்கு நான் சொல்வது இது. புதுக் குழாய் வாங்கும்போதே அதன் உள்ளுறுப்பு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்; கிடைத்தால் ஒன்றை உடன் வாங்கி வையுங்கள். பழுதானால் அளவை மட்டும் எழுதிச் செல்லாமல், உறுப்பையும் கைப்பிடியையும் கையோடு கொண்டு போங்கள். பற்களின் எண்ணிக்கை, உயரம், திறக்கும் பக்கம் ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சொட்டும் குழாயை நாளைக்கென்று விடாதீர்கள்.

குழாயைப் பூட்டியபின் தாயாரை நான் அழைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் சமையலறையில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. எழுந்து சென்று பார்த்தேன். தாயார் அரிசி களைந்துகொண்டிருந்தார். மடங்காத விரல்களின் பின்புறத்தால் கைப்பிடியைத் தள்ளி மூடினார். ஒரு சொட்டும் விழவில்லை. "இப்போது சரியாக நிற்கிறதடா" என்றார்.

இரண்டாவது ஸ்பிண்டில், குறிப்புச் சீட்டோடு, அலமாரியில் ஒரு டப்பாவில் இருக்கிறது.