நம்மூர் உச்சிப்பொழுது

திருவனந்தபுரத்தில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பூசையறையில் இன்றும் இருப்பது சென்னைப் பஞ்சாங்கமே. என் பேத்தி இங்கே பிறந்தபோது, சென்னையிலுள்ள மைத்துனர் அவ்வூர்க் கணக்கின்படி கன்னி லக்னம் என்று எழுதினார். இவ்வூர்ச் சோதிடர் சிம்மம் என்றார். பெண்ணைப் பெற்றவள் கலங்கிப்போனாள்.

வழக்கைத் தீர்த்தது தீர்க்கரேகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். சென்னை கிழக்கே ஏறத்தாழ 80¼ பாகையில் உள்ளது. நம்மூர் 77-க்குச் சற்றுக் குறைவு. அங்கே உச்சிக்கு வந்த கதிரவன் இங்கே வர 13 நிமிடமாகும். கீழ்வானில் எழும் இராசிக்கும் ஏறத்தாழ அதே தாமதம். கைக்கடிகாரம் இதைக் காட்டாது. அது நாடு முழுமைக்கும் 82½ பாகையின் நேரத்தையே சொல்லும். ஆகவே சிம்மமே நிலைத்தது. இது மேனாட்டார் தந்த புதுச்சரக்கன்று. உச்சயினியிலிருந்து தேசாந்தரம் கணித்தவர்கள் நம் முன்னோர்.

இவ்வூர் தன் வானத்தைத் தானே அளக்கத் தொடங்கியதும் நேற்றன்று. சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் இங்கே வானாய்வகம் நிறுவினார். அதன் முதல் தலைவர் ஜான் கால்டிகாட்.

அட்சரேகையை உணரவோ ஒரு கோல் போதும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8½ பாகையில் இருக்கிறோம். சித்திரை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னர், ஏப்ரல் 12-ஐ ஒட்டி, முற்றத்தில் கோலொன்றைச் செங்குத்தாக நட்டுப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்துங்கள். கடிகாரத்தில் 12 மணி 23 நிமிட அளவில் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். சென்னைப் பிள்ளைகள் அதைக் காண மேலும் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.