முகவரிச் சான்று

என் மகள் சென்ற ஆண்டு வேலை மாற்றலாகி, நியூஜெர்சியிலிருந்து புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ பக்கம் குடிபோனாள். அவள் அம்மா இறந்தபின் தனியாக இருந்த என்னை, ஆறு மாதம் வந்து இரு என்று கூப்பிட்டாள். போனேன். போன முதல் வாரத்திலேயே ஒருநாள் ராச்சாப்பாட்டின்போது சொன்னாள்:

"அப்பா, நாங்க இப்ப இந்த ஊர்க்காரங்க. டிஸ்னி வேர்ல்டுல எங்களுக்கு டிக்கெட் கம்மி. உனக்குத்தான் முழு டிக்கெட்டு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். 'ஊர்க்காரங்க' என்ற சொல் எனக்குத் தொண்டையில் நின்றது. விழுப்புரம் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவன் நான். எங்களுக்கு ஊர் என்றால் அவர்கள் இருக்கும் இடம். எங்க அம்மா காலையில் களையெடுக்கக் கிளம்பும்போது "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லும். கால் மணி நேர நடைதான். வாத்தியார் வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, அறுபத்தெட்டு வயதாகிறது. இந்த ஊர்க்காரன் என்று அங்கே என்னை யாரும் சொன்னதில்லை.

ஊர்க்காரி ஆவதற்கு என்னம்மா செய்தாய் என்று கேட்டேன். புளோரிடாவில் புதிதாகக் குடியேறுகிறவர்கள் முப்பது நாளுக்குள் அந்த மாநிலத்து ஓட்டுநர் உரிமம் வாங்க வேண்டும். அதில் வீட்டு முகவரி அச்சாகி வரும். பூங்காவில் அதைக் காட்டினால் உள்மாநிலத்தாருக்கான சலுகைச் சீட்டு கிடைக்கும். உரிமம் இல்லாதவர்கள் அண்மையில் வந்த கரண்ட் பில்லையும் படம் ஒட்டிய அடையாள அட்டையையும் காட்டலாம். ஆண்டுச் சீட்டை மாதத் தவணையில் வாங்கும் வசதியும் இவர்களுக்கு மட்டும்தான். அந்தச் சீட்டு இருந்தால் உள்ளே பல சாப்பாட்டுக் கடைகளில் நூற்றுக்குப் பத்து வரை தள்ளுபடி. மகள் ஆண்டுச் சீட்டே வாங்கிவிட்டாள். இது வியாபாரம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்தில் இருக்கிறவன் அடிக்கடி வந்தால் அவர்களுக்குக் காசு. ஆனாலும் வாசலில் நின்ற பெண், மகளின் உரிமத்தில் முகவரியைப் பார்த்துவிட்டுச் சிரித்துத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு என்னவோ செய்தது. அது எந்தத் தெரு, அங்கே யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை.

மேஜிக் கிங்டம் என்ற அந்தப் பூங்கா 1971 அக்டோபர் 1-ந் தேதி திறந்தது. அங்கே ஒரு குடைராட்டினம் இருக்கிறது. மரக்குதிரைகள். 1917-ல் செய்தது, முன்பு நியூஜெர்சியில் ஒரு பூங்காவில் சுற்றிக்கொண்டிருந்ததாம். ஆறு வயதுப் பேரன் மூன்று முறை ஏறினான். நான் கீழே நின்று பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கையால் சுற்றுகிற மரராட்டினம் வரும். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா கொடுத்த காசைக் கையில் இறுக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். ராட்டினக்காரன் வெளியூரான். அவனுக்கு யார் என்ன என்று தெரியாது, ஏற்றிவிடப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஒருவர், "அவன் சேரிப் பையன்யா, எறக்கு" என்றார். எங்கள் காசு செல்லும், எங்கள் உடம்புதான் ஆகாது. எங்களுக்கென்று திருவிழா முடிந்த மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் விட்டார்கள். நான் போகவில்லை. அந்தக் காசுக்கு டீ குடிக்கப் போனால், கடையில் எங்கள் தம்ளர் கூரையில் தனியாகச் செருகியிருக்கும். குடித்துவிட்டுக் கழுவி நாமே செருகவேண்டும். இங்கே என் பேரனுக்கு மேசையில் தட்டு வைத்து, பில்லில் பத்து விழுக்காடு கழித்தும் கொடுக்கிறார்கள்.

இந்த நாடு சமத்துவ நாடு என்று சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பாட்டியிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ராட்டினக் கதையைச் சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தன் கதையைச் சொன்னது. ஒக்காலா பக்கத்தில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்று பேர்போன நீரூற்றுப் பூங்கா. அடியில் கண்ணாடி பதித்த படகுகளை அங்கே கறுப்பர்கள் ஓட்டினார்கள். ஆனால் விருந்தாளியாக உள்ளே வர முடியாது. அவர்களுக்கென்று ஆற்றின் கீழ்ப்பக்கம் 1949-ல் பாரடைஸ் பார்க் என்று தனியாக ஒன்று திறந்தார்கள். 1969 வரை அது நடந்தது. மறுநாள் காலை ஒரு மணி நேரம், ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு பூங்கா. எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆர்லாண்டோவுக்கு மேற்கே பக்கத்திலேயே ஒக்கோயி என்ற ஊர். 1920 நவம்பர் 2, தேர்தல் நாள். ஓட்டுப்போட வந்த கறுப்பர்களைத் தடுத்தார்கள். அன்று இரவு அவர்கள் வீடுகளையும் தேவாலயங்களையும் கொளுத்தினார்கள். ஜூலை பெர்ரி என்பவரை அடித்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். தப்பியவர்கள் நிலத்தை விட்டு ஓடினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த ஊரில் கறுப்பர்கள் குடியிருக்கவில்லை. உள்ளூர்வாசி என்று பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு நடந்தது அது. வெண்மணியை அறிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த மாதமே ஒரு தமிழர் வீட்டு விருந்துக்குப் போனோம். நல்ல சாப்பாடு, நல்ல உபசரிப்பு. வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, எங்க சித்தப்பாவுக்கு அங்கதான் பொண்ணெடுத்தது. எந்தத் தெருவுங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் மகள், "நாங்க பாண்டிச்சேரியிலேயே செட்டில் ஆயிட்டோம் அங்கிள்" என்று முந்திக்கொண்டாள். நாங்கள் பாண்டிச்சேரியில் ஒருநாளும் இருந்ததில்லை.

அவரும் முகவரிதான் கேட்டார், பூங்காவிலும் முகவரிதான் கேட்டார்கள். அங்கே உள்ளே விடுவதற்குக் கேட்டார்கள். 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஏட்டில் நீக்கலாம். கடல் கடந்து வந்தும் 'எந்தத் தெரு' என்று கேட்கிற நாக்கை யார் திருத்துவது?

காரில் திரும்பும்போது பேரன் கேட்டான். "தாத்தா, உங்க ஊர்ல ராட்டினம் இருந்துச்சா?"

மார்ட்டின் லூதர் கிங்கின் ஆறு வயது மகள், ஃபன்டவுன் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போகவேண்டும் என்று கேட்டாளாம். கறுப்புக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்லும்போது தகப்பன் பட்ட பாட்டை, 1963-ல் பர்மிங்காம் சிறையில் எழுதிய கடிதத்தில் அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது நினைவு வந்தது. மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்றது அந்தப் பார்வை. சொல்லாமல் விட்டால் இவனும் ஒருநாள் பாண்டிச்சேரி என்பான்.

"இருந்துச்சுப்பா. தாத்தாவ ஏறவுடல."

"ஏன்? ஹைட் பத்தலையா?"

பூங்காவில் அவனைச் சில விளையாட்டுகளுக்கு உயரம் அளந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவனுக்குத் தெரிந்த தடை அது ஒன்றுதான்.

"ஹைட்டெல்லாம் பத்துச்சு. நாங்க இருந்த தெரு அவங்களுக்குப் புடிக்கல" என்று ஆரம்பித்து, அந்தக் காலையில் நான் ராட்டினத்துக்குப் போகாத கதை வரை சொன்னேன். வீடு வந்தும் அவன் இறங்கவில்லை. முழுசாகக் கேட்டான். மகளும் வண்டியை நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதை நான் அதுவரை சொன்னதில்லை.

நான் ஊர் திரும்புவதற்கு முன்பு அந்த வீட்டுக்காரரை மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். சோறு போட்டுக்கொண்டே, "அங்கிள், அன்னிக்கு எந்தத் தெருன்னு கேட்டீங்கல்ல? எங்க அப்பா சேரியில பொறந்தவர்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார். மறுபடி அவர்கள் எங்களைக் கூப்பிடவில்லை.