குழாயடியில் பதினைந்து நிமிடம்

தருமபுரி மாவட்டத்தில் பதினெட்டு ஆண்டுகளாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். நாய்க்கடியோடு யார் வந்தாலும் முதலில் குழாயடிக்குத்தான் அழைத்துப் போவேன். ஊசியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன மாசியில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஏழு வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். கெண்டைக்காலில் நான்கு பல் பதிந்திருந்தது. அதன்மேல் சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பியிருந்தார்கள்.

"சீக்கிரம் ஊசியப் போடுங்க சிஸ்டர்."

"போடறேன் பாட்டி. மொதல்ல கால இப்படி நீட்டச் சொல்லுங்க."

குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு நுரையை ஒவ்வொரு பல் தடத்திலும் விட்டு, பதினைந்து நிமிடம் கழுவினேன். வெறிநோய் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு பட்டால் கரைந்துவிடும். உறை கரைந்த வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியாது.

அந்த உறையின்மேல் முள் முள்ளாகப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வரப்பில் நடந்தால் நாயுருவி விதை சேலையில்தான் ஒட்டும், கையிலிருக்கும் எவர்சில்வர் தூக்கில் ஒட்டாது. வைரஸும் அப்படித்தான், தனக்குப் பிடி கிடைக்கிற செல்லில்தான் பற்றும். நரம்பு தசையைச் சேருமிடத்தில், 'அசை' என்ற சேதியை வாங்கிக்கொள்ளும் அசிடைல்கோலின் ஏற்பிகள் இருக்கின்றன. வைரஸ் பற்றும் இடங்களில் அதுவும் ஒன்று. கட்டுவிரியன் இனத்துப் பாம்பொன்றின் நஞ்சுப் புரதமும் அதே ஏற்பியில்தான் போய் உட்காரும். அந்த நஞ்சை முன்கூட்டியே சேர்த்துவிட்டால், வைரஸ் தொற்றும் தசைச் செல்கள் குறைகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் லென்ட்ஸ் குழு 1982இல் காட்டியது. பாம்புக்கடியும் நாய்க்கடியும் அடுத்தடுத்து வரும் எங்கள் வார்டில் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பற்றிய வைரஸைச் செல்லே உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு அது நரம்பு வழியே மூளைக்கு ஏறும். அறிகுறி தெரிந்தபின் பிழைத்தவர்கள் உலகிலேயே மிக மிகச் சிலர். நாங்கள் செய்யக்கூடியதெல்லாம் அது பற்றுவதற்கு முன்புதான்.

கழுவியபின் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி போட்டாலும் உடம்பு தானே எதிர்ப்பொருள் செய்யப் பல நாள் ஆகும். அதுவரை வைரஸின் முட்களை மூடிவைப்பது இந்த மருந்துதான். அதனால் காயத்துக்குள்ளேயே போக வேண்டும். ஊசியை மெல்லச் செலுத்தி, தடத்தின் ஓரமெல்லாம் தோல் லேசாக உப்பும்வரை விட்டேன். பையன் அழுதான். ஒரு தடத்தையும் விட்டுவிடக் கூடாது என்பதிலேயே என் கவனம் இருந்தது. அடுத்து இரண்டு தோளிலும் தோலுக்குள் 0.1 மில்லி தடுப்பூசி. சிறு கொப்புளமாக எழும்பினால்தான் சரியாகப் போட்டதாக அர்த்தம். 3, 7, 28ஆம் நாள்களில் மறுபடியும் வரச் சொன்னேன்.

28ஆம் நாள் பாட்டி வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணும் கூட வந்திருந்தாள்.

"காலையில இவள நாய் கடிச்சிருச்சு சிஸ்டர். மோட்டார் போட்டு, சோப்புப் போட்டுக் கழுவித்தான் கூட்டியாந்தேன்."

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். காயத்தில் சுண்ணாம்பு இல்லை, மஞ்சள் இல்லை. துணி சோப்பு வாசம் அடித்தது.