உப்பின் அளவு

அண்ணனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு லித்தியம் மாத்திரை, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊசி. நடுவில் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். 0.6 முதல் 1.0 வரை இருந்தால் நல்லது. 1.5ஐத் தாண்டினால் மருந்தே நஞ்சாகத் தொடங்கும்.

நான் தொழிற்சாலையில் சென்சார்களைச் சரிபார்க்கிறவன். எண்ணைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. தாளில் 0.7 என்று இருந்தால் உடனே வீட்டுக்குப் போன் போடுவேன். “அண்ணனுக்கு எல்லாம் ஓகேம்மா.”

ஒரு தைப்பூசத்துக்கு அண்ணன் பால்குடம் எடுத்தார். கோலாலம்பூரிலிருந்து பத்துமலைவரை இரவெல்லாம் ரதத்தோடு நடை, பிறகு 272 படி. விரதம் வேறு. தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. கால் வலிக்கு பார்மசியில் இபுபுரூஃபன் வாங்கி இரண்டு நாள் போட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. பேச்சு குழறியது. நடை தள்ளாடியது. மாமா, “தண்ணி போட்டிருக்கான்” என்றார். அம்மா, “விரதத்துல ஏதோ குத்தம்” என்றார். நான், மாத்திரையை விட்டுவிட்டார், நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டினேன். அன்றிரவு பக்கத்தில் நின்று நானே மாத்திரையைக் கொடுத்தேன்.

“வேணாம்டா தம்பி. வயித்தப் பெரட்டுது.”

“நீ எப்பவும் இப்படித்தான் சொல்வ. முழுங்குண்ணே.”

முழுங்கினார். விடிவதற்குள் வாந்தி. அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 1.9.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். லித்தியம் ஒரு உப்பு. சிறுநீரகம் அதையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும். அந்த வலி மாத்திரையும் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். மாத்திரையை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

வார்டில் உட்கார்ந்திருந்த இரவுகளில் இந்த மருந்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதன் கதையில் நம் பக்கத்து ஊரும் வருகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் மூன்றரை ஆண்டு சாங்கியில் ஜப்பானியரின் கைதியாக இருந்தவர். சக கைதிகளின் மனநிலை மாறுவதைப் பார்த்து, உடம்பில் ஏதோ ஒரு பொருள்தான் இதற்குக் காரணம் என்று நினைத்தார். ஊர் திரும்பி அதைத் தேடப் போன வழியில் லித்தியத்தில் முட்டிக்கொண்டார். 1949இல் கட்டுரை வெளியானது. முதலில் குணமான நோயாளி மறு ஆண்டே லித்தியம் நஞ்சாகி இறந்துபோனார். அதன்பிறகுதான் மெல்பர்னில் டிராட்னர் போன்றவர்கள் ரத்தத்தில் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அண்ணனைக் காப்பாற்றியது அந்த அளவுதான்.

ஆனால் அது மருந்தை அளக்கிற எண். கேட் தேடிய பொருள் இன்றுவரை அகப்படவில்லை. இருதுருவ நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. அண்ணனை முதன்முதலில் சேர்த்தபோது தைராய்டு, சர்க்கரை என்று எடுத்ததெல்லாம் வேறு காரணம் இல்லை என்று பார்ப்பதற்காக. நோயைக் கண்டுபிடித்தது பேச்சையும் தூக்கத்தையும் கேட்டுத்தான். யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டிய நோய் இது. பக்கத்தில் இருந்தவன் நான். வயிற்றைப் பிரட்டுகிறது என்று அவர் சொன்னதைக்கூட நோயின் பேச்சாகத்தான் கேட்டேன். இத்தனை வருஷமாக இன்னும் எதையெல்லாம் அப்படிக் கேட்டிருப்பேன் என்று யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

இப்போதும் கூடப் போகிறேன். தாளை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன். “எப்படிண்ணே இருக்கு?”

போன தடவை, “தாகமா எடுக்குதுடா. ராத்திரி மூணு தரம் எந்திரிக்கிறேன்” என்றார். தாளில் 0.7தான். டாக்டரிடம் சொன்னேன். சிறுநீரகத்துக்கும் தனியாக ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன், “இவ்ளோ நாளா இத யாருமே கேக்கலடா” என்றார். பிறகு, “வா, பசியாறப் போலாம்” என்று முன்னால் நடந்தார்.