தள்ளுபடி இல்லாத விலை

தியானப் பகுதி: லூக்கா 22:35-51



குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஒரு மாலையில், நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் தென்காசியிலுள்ள குருமனைக்கு வந்தார். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்துத் தோப்பு வீட்டில் மனைவியுடன் வசிப்பவர். கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "ஐயா, இதை வாங்கலாமா? மாதக் கடைசி வரைதான் தள்ளுபடி" என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது ஒரு வெப்ளி ரிவால்வர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த அந்தத் துப்பாக்கியைப் பிரிட்டிஷ் இராணுவம் 1887இல் ஏற்றுக்கொண்டது. இரண்டு உலகப் போர்களிலும் அது அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது. இப்போது அதே பெயரில் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் தயாராகிறது. பழைய .455 குண்டளவு நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது, ஆகவே புதியது.32 அளவில் வருகிறது. நடுவில் மடங்கித் திறக்கும் அந்தப் பழைய அழகு மட்டும் மாறவில்லை. படத்தைப் பார்த்தபோது எனக்கும் ஒரு கணம் ஆசை எழுந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

"தோப்பில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உரிமமும் கையில் இருக்கிறது. வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் வாங்கும்படி ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, ஐயா" என்றார் அவர்.

"சீஷர்கள் இரண்டு பட்டயங்களைக் காட்டியதும் போதும் என்றும் சொன்னார். நம் நாட்டுச் சட்டமும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள் போதும் என்றுதான் சொல்கிறது" என்றேன். இருவரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பின், அதுவரை ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்தபோது, குருமனையில் திருடன் புகுந்தான். அன்றிலிருந்து கட்டிலுக்கு அடியில் ஓர் அரிவாளை வைத்துக்கொண்டு உறங்கினேன். ஒரு நள்ளிரவில் பின்கதவு அசையும் ஓசை கேட்டது. அரிவாளை எடுத்துக்கொண்டு இருட்டில் நடந்தேன். கதவு திறந்தது, கையை ஓங்கினேன். "அப்பா" என்றது ஒரு குரல். கல்லூரியிலிருந்து ஒரு நாள் முன்னதாக வந்துவிட்ட என் மகன். எங்களை எழுப்ப வேண்டாமென்று, வெளியே மறைத்து வைக்கும் சாவியை எடுத்துத் திறந்திருக்கிறான்.

அன்று என் கை ஓங்கிய நிலையிலேயே நின்றது. அதற்கு நேரம் இருந்தது. என் விரல் ஒரு விசையின்மேல் இருந்திருந்தால், "அப்பா" என்ற அந்தச் சொல்லுக்கு நேரம் இருந்திருக்குமா?

கெத்செமனே தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பேதுரு பட்டயத்தை உருவி வீசினான். மல்குஸ் என்பவனின் வலது காது அறுந்தது. அந்தக் காதை ஆண்டவர் தொட்டுக் குணமாக்கியதை லூக்கா மட்டுமே பதிவு செய்கிறார். பட்டயத்தை எடுத்துச் செல்ல இடங்கொடுத்தவர், அது வீசப்பட்டதும் அந்தக் காயத்தை ஆற்றுவதையே தம் கைகளின் கடைசி வேலையாக்கிக்கொண்டார். அடுத்து அந்தக் கைகளைக் கட்டிவிட்டார்கள். நாம் அவசரப்பட்டு அறுத்ததை அவரல்லவா ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது!

பிரியமானவர்களே, உரிமத்துடன் ஆயுதம் வைத்திருப்பது பாவம் என்று நான் போதிக்கவில்லை. ஆனால் அச்சத்துக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. தேவன் நம்மோடு பேசுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். துப்பாக்கி அதை ஒரு விரலசைவாகச் சுருக்கிவிடுகிறது. பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும்போது காவலர்கள் விசில் ஊதி நம்மை விலக்குகிறார்கள். நள்ளிரவில் உள்ளத்தில் அச்சம் கரைபுரளும்போது விசில் ஊத அருகில் யார் இருப்பார்கள்?

அந்தச் சகோதரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இதைக் கையில் பிடித்திருப்பதாக நினைக்கும்போது, எதிரே யாருடைய முகம் தெரிகிறது?"

வெகுநேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் தம்பி மகன்" என்றார். வரப்புத் தகராறில் நான்கு ஆண்டுகளாக இரு வீட்டுக்கும் பேச்சில்லை. மோட்டாரை எடுத்தது அவன்தான் என்று இவருக்குச் சந்தேகம், ஆதாரம் ஏதுமில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவருமாகத் தம்பி வீட்டுக்குப் போனோம். காப்பி கொடுத்தார்கள். வரப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மோட்டாரைப் பற்றியும் பேசவில்லை. புறப்படும்போது அந்த இளைஞன், "பெரியப்பா, பார்த்துப் போங்க, பாதை வழுக்கும்" என்று வாசல்வரை குடை பிடித்து வந்தான். தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் மாதக் கடைசி கடந்துவிட்டது. அவர் ரிவால்வர் வாங்கவில்லை. தோப்பு வீட்டைச் சுற்றி விளக்குகள் போட்டிருக்கிறார்.

கடைக்காரர் விலையைக் குறைக்கலாம். பொறுப்பைக் குறைக்க அவரால் இயலாது. உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஓங்கிய கை, எழுதி வைத்து இன்னும் அனுப்பாத ஒரு கடுஞ்செய்தி, நாவின் நுனியில் காத்திருக்கும் ஒரு சொல் இருக்கக்கூடும். அதன் எதிரே யாருடைய முகம் தெரிகிறது? இந்த வாரம் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் அச்சத்துக்கும் எங்கள் கைக்கும் நடுவே நீர் நில்லும். நாங்கள் அறுத்த காதுகளைத் தொட்டருளும். ஆமென்.